கடலூர் வெயிலுக்கு எந்தக் கோழி? வாங்கும்போது செய்யும் தவறுகள்

தை மாதத்தில் கோழி பார்க்கப் போவதுதான் முதல் தவறு. பனிக்காலையில் பிரம்மா என்கிற வெளிநாட்டு ஜாதிச் சேவலைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? கால்விரல் வரை இறகு, கரடிக்குட்டி மாதிரி நிற்கும். நானும் ஒரு ஜோடி வாங்கினேன். கத்திரி பிறந்த ஐந்தாம் நாள் மதியம், பெட்டை சுவரோரமாக இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து, தொண்டை துடிக்கத் துடிக்க மூச்சு வாங்கியது. தண்ணீரை வாய்கிட்டே வைத்தும் தொடவில்லை. சாயங்காலம் விறைத்துக் கிடந்தது. பத்தடி தள்ளி, முந்திரி மரத்தடியில் குழி பறித்து மண்ணில் புரண்டுகொண்டிருந்தது அம்மாவின் சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி.

கோழிக்கு வியர்வை கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு தணியும். காற்றிலேயே ஈரம் கூடினால் அது சரியாக நடக்காது. அதனால் "வேலூர் வெயிலுக்கே தாங்குது" என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள். நம் பக்கம் வெயிலோடு கடல் புழுக்கமும் சேர்ந்து வருகிறது.

எடையைப் பார்த்து மயங்குவது அடுத்தது. உடம்பு பெருக்கப் பெருக்கச் சூட்டை வெளியே தள்ளுவது கஷ்டம். சிறுவிடை தாங்குவதற்குச் சின்ன உடம்பும் ஒரு காரணம். கழுத்தில் இறகில்லாத கோழியைச் சீக்கு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. உண்மையில் அந்த மொட்டைக் கழுத்துதான் அதற்கு விசிறி.

கொண்டை பெரிசாக இருந்தால் சூடு இறங்கும் என்பார்கள். லெகார்ன் என்கிற வெள்ளை முட்டைக்கோழிக்குச் சரி. ஆனால் அசில் என்கிற பெருவிடைக்குக் கொண்டை குட்டை, உடம்பும் கனம், இருந்தும் தாங்கும். இறகு ஒட்ட ஒட்ட, குறைவாக, கால் நெடுநெடுவென்று இருக்கிறது பாருங்கள். கொண்டையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முட்டைக்காக அசில் வாங்குவது மட்டும் வீண். கொஞ்சமாகத்தான் இடும், சண்டை வேறு.

கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கோழி. வெயில் தாங்கும், கறுப்பு உடம்புக்கு நிழல் வேண்டும். வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கலப்பு. முட்டையே கறுப்பு என்று விற்றால் எழுந்து வந்துவிடலாம்.

வனராஜா, கிரிராஜா என்கிற கலப்பின ஜாதிக் குஞ்சுகளை 'நாட்டுக்கோழி' என்று சந்தையில் தருவார்கள். கோழி மோசமில்லை, அடைக்கு உட்காரும் என்று காத்திருப்பதுதான் தவறு. அதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைத்தால் 21 நாளில் குஞ்சு.

காலில் இறகுள்ள ஜாதி ஐப்பசிச் சேற்றில் என்ன பாடுபடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பங்குனி, சித்திரையில் விற்பவர் வீட்டுக்கே மதியம் 2 மணிக்குப் போங்கள். எது நிழலில் கிளறுகிறது, எது வாயைப் பிளந்து நிற்கிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பிடித்துவிட்டால் உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். பார்ப்பது மதியம், கொண்டுவருவது ராத்திரி.