பெட்ரோலில் எவ்வளவு, கேஸில் எவ்வளவு? சிறிய ஜெனரேட்டரை நீங்களே சோதிக்கும் முறை

ஜெனரேட்டரின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் அளவு, பல நேரம் சில நொடிகளுக்கு மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவுதான். தொடர்ந்து தரக்கூடிய அளவு அதைவிடக் குறைவு, எரிபொருளை மாற்றினால் இன்னும் குறையும். பெட்ரோலிலும் எல்பிஜியிலும் ஓடும் இயந்திரம் உங்களிடம் இருந்தால், அதன் உண்மையான திறனை ஒரே நாளில் அளந்துவிடலாம்.

முதலில் பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் வையுங்கள். கார் ஷெட்டும் பால்கனியும் திறந்தவெளி ஆகாது. வீட்டு வயரிங்கில் இணைக்கவே கூடாது, லோடு நேராக ஜெனரேட்டரின் பிளக் பாயிண்டிலிருந்து போகட்டும். கேஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். கேஸில் ஓடும்படி செய்யப்படாத இயந்திரத்தில் கேஸ் கொடுக்காதீர்கள்.

தேவையானவை

யூனிட், வோல்ட், ஹெர்ட்ஸ் மூன்றையும் காட்டும் பிளக் வகை எனர்ஜி மீட்டர், சிலிண்டரை எடை போட ஒரு தராசு, அளவுக் குடுவை, ஒரு நோட்டு. லோடுக்கு மின் ஹீட்டர்கள். மோட்டாரை முதலிலேயே மாட்டினால் கணக்கு குழம்பும். மீட்டரும் எக்ஸ்டென்ஷன் வயரும் அந்த ஆம்பியரைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் ஓட்டம்

ஆயில் அளவைப் பார்த்து, டாங்கில் ஒரு குறி வரை பெட்ரோல் ஊற்றுங்கள். பத்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி அதே குறி வரை நிரப்புங்கள். பிறகு தொடர் திறனில் கால், அரை, முக்கால், முழு என லோடை ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு நிலை முடிந்ததும் நிறுத்தி, இயந்திரம் நன்றாக ஆறிய பிறகே அளவுக் குடுவையால் பழைய குறி வரை நிரப்புங்கள். ஊற்றிய அளவுதான் செலவு.

ஹீட்டரில் எழுதியிருக்கும் வாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். வோல்டேஜ் 230-லிருந்து 207-க்கு இறங்கினால், 1000 வாட் ஹீட்டர் இழுப்பது 810 வாட்தான். மின்சாரத்தை மீட்டரின் யூனிட்டில் மட்டுமே பாருங்கள்.

கூடவே ஹெர்ட்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் சாதாரண ஜெனரேட்டர், லோடு இல்லாதபோது 52 காட்டி, முழு லோடில் 49 வரை இறங்குவது இயல்பு. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் (மின்னணுச் சுற்று மூலம் ஹெர்ட்ஸை நிலையாக வைப்பது) இது அசையாது. அளவு மீறினால் ஓவர்லோடு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றுவிடும்.

கேஸுக்கு மாறுதல்

பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள். அப்புறம்தான் கேஸ். அதே லோடுகளை, அதே வரிசையில் கொடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் முன்னும் பின்னும் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து எடை போடுங்கள்.

முழு லோடில் வித்தியாசம் தெரியும். எல்பிஜியில் உச்சத் திறன் சுமார் 10 சதவீதம் குறையும், இயற்கை எரிவாயுவில் 20 சதவீதம் வரைகூட. வாயுவாக உள்ளே போகும் எரிபொருள், காற்று வரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் இல்லை. நீண்ட நேரம் முழு லோடில் ஓடினால் கேஸ் சிலிண்டரே சில்லிட்டு அழுத்தம் இறங்கும். அந்தத் தடுமாற்றத்தை எஞ்சின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

கணக்கு

அரை மணியில் 0.6 யூனிட் கிடைத்து 0.42 லிட்டர் பெட்ரோல் செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு 0.7 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 8.9 யூனிட் ஆற்றல் உண்டு, அப்படியானால் 6.2 யூனிட் எரித்து ஒன்று பெற்றோம், 16 சதவீதம். எல்பிஜிக்குக் கிலோவுக்கு 12.8 என்று போடுங்கள். யூனிட்டுக்கு அரைக் கிலோ செலவானால் அதுவும் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் வரும். லிட்டரையும் கிலோவையும் நேரடியாக ஒப்பிட்டு எது சிக்கனம் என்று முடிவு செய்வது தவறு.

கால் லோடு வரிசையையும் முழு லோடு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கான செலவு கால் லோடில் மிக அதிகமாக இருக்கும். எஞ்சின் தன்னைச் சுழற்றிக்கொள்ளவே கணிசமாக எரிக்கிறது. எரிபொருளை மாற்றி மிச்சம் பிடிப்பதைவிட, தேவைக்குப் பொருந்திய அளவில் ஜெனரேட்டர் வாங்குவது பெரிய மிச்சம் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக மோட்டார்

கால் லோடு ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் பம்பைப் போடுங்கள். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது, எத்தனை நொடியில் மீள்கிறது என்று இரண்டு எரிபொருளிலும் குறியுங்கள். பெட்ரோலில் சட்டென்று கிளம்பும் பம்பு கேஸில் முனகிக்கொண்டே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். மோட்டார் சுருள் கருகிவிடும். ஹீட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் கிளம்பாவிட்டால், அந்தப் பம்பைப் பெட்ரோலில் மட்டும் ஓட்டுங்கள்.