கேபிளைத் துண்டித்த பிறகும் செலவு ஏன் குறைவதில்லை?

கேபிள் இணைப்பை விட்டு, இணையம் வழியாகப் படங்களையும் தொடர்களையும் காட்டும் ஓடிடி தளங்களுக்கு மாறுபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஏதேனும் ஒரு தளத்தின் சந்தாவை மட்டும் கேபிள் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். கேபிளுக்கு ஒரே கட்டணம். ஓடிடிக்கோ ஒரு சந்தா 3ஆம் தேதியும், இன்னொன்று 11ஆம் தேதியும், மற்றொன்று 27ஆம் தேதியும் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதால், மொத்தத் தொகை கண்ணில் படுவதே இல்லை. மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துவைத்து, இணையக் கட்டணத்தையும் சேர்த்து ஒரே தாளில் கூட்டிப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸை 4கே என்ற மிகத் துல்லியமான படத் தரத்தில் பார்த்தால் மணிக்கு 7 ஜிபி வரை டேட்டா செலவாகும் என்பதால், டேட்டாவுக்கு வரம்புள்ள இணைப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும். 4கே டிவியே இல்லாத வீட்டில் அதற்கான திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

சேரும்போது இருந்த விலையும் வசதியும் அப்படியே நீடிக்கும் என்று நம்புவதும் தவறு. பல ஆண்டுகள் விளம்பரமே இல்லாமல் இயங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2022 நவம்பரில் விளம்பரத்துடன் கூடிய திட்டத்தைக் கொண்டுவந்தது. 2023இல் வேறு வீட்டில் இருப்பவர்களுடன் கடவுச்சொல்லைப் பகிர்வதைப் பல நாடுகளில் கட்டுப்படுத்தியது. அமேசான் பிரைம் வீடியோவோ 2024 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கி, ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கும் விளம்பரங்களைக் காட்டி, அவை வேண்டாமென்றால் கூடுதல் கட்டணம் கேட்டது. ஆகவே ஆண்டு முழுவதும் பார்ப்போம் என்று உறுதியாகத் தெரிந்த தளத்துக்கு மட்டும் ஆண்டுச் சந்தா கட்டலாம். மற்றவற்றில் மாதம் ஒன்றாகச் சேர்ந்து, பார்த்து முடித்து விலகுவதே நல்லது.

விளையாட்டு ரசிகர்கள், தங்கள் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை எந்தத் தளத்திடம் இருக்கிறது என்று பார்த்த பிறகே கேபிளைத் துண்டிக்க வேண்டும். அந்த உரிமை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கைமாறக்கூடியது.

செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று எண்ணுவது பணத்தை அதிகம் கரைக்கும் தவறு. ஒரே ஒரு தொடருக்காக நான் சேர்ந்த தளம் ஒன்றின் செயலியை, தொடர் முடிந்த அன்றே டிவியிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் சந்தா மேலும் பதினொரு மாதங்கள் கழிந்துகொண்டே இருந்தது. சந்தாவைக் கணக்கு அமைப்புகளுக்குள் சென்று ரத்து செய்ய வேண்டும். கைபேசியின் ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேதான் செய்ய முடியும். பெரும்பாலான தளங்களில், ரத்து செய்த பிறகும் பணம் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம் என்பதால், சேர்ந்த நாளிலேயே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடலாம்.