பால்சா கிளைடர்: முதலில் கணக்கு, பிறகு கத்தி

வான்வெளிப் பொறியியலின் முதல் பருவத்தில் வரும் தூக்குவிசை, ஈர்ப்பு மையம், நிலைப்புத்தன்மை மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்க பால்சா என்ற லேசான மரத்தில் செய்த, 30 கிராமுக்கும் குறைவான ஒரு கிளைடர் (எஞ்சின் இல்லாமல் சறுக்கும் விமானம்) போதும். கண்ணளவில் வெட்டி, பறக்கும்வரை மூக்கில் களிமண் அப்பினாலும் அது எப்படியோ பறந்துவிடும். ஏன் பறந்தது என்பதுதான் பிடிபடாது. எனவே கத்தியை எடுக்குமுன் காகிதத்தில் முடிக்க வேண்டிய வேலையிலிருந்து தொடங்குவோம்.

இறக்கை செவ்வக வடிவில், 500 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம். இந்த அகலத்தைத்தான் நாண் என்கிறோம். பரப்பு 400 சதுர செ.மீ., நீள அகல விகிதம் 6.25. முழு எடை 28 கிராம், தூக்குவிசைக் கெழு (ஒரே வேகத்தில், ஒரே பரப்பில் இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்று காட்டும் எண்) 0.5 என்று வைத்தால் சறுக்கும் வேகம் விநாடிக்கு 4.7 மீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் 25,000 அளவில்தான் இருக்கும். வேகம், நாண், காற்றின் பிசுக்குமை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் எண் அது; பெரிய விமானங்களுக்கு மிக அதிகம். பெரிய விமானங்களுக்குரிய தடித்த இறக்கை வடிவம் இங்கே எடுபடாது. காற்று மேற்பரப்பை விட்டுச் சீக்கிரமே பிரிந்துவிடும். 3 மி.மீ. பால்சாத் தகட்டின் முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாகத் தேய்த்தால் போதுமானது.

வாலின் அளவை ஊகிக்க வேண்டாம். வால் பரப்பை வால் தூரத்தால் பெருக்கி, இறக்கைப் பரப்பு, நாண் இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது வால் கன அளவுக் கெழு. 0.5 நல்ல தொடக்கம். இறக்கை நாணின் கால்பகுதிப் புள்ளியிலிருந்து வால் நாணின் கால்பகுதிப் புள்ளி வரை 250 மி.மீ. என்றால் வால் பரப்பு 64 சதுர செ.மீ., அதாவது 160 × 40 மி.மீ. செங்குத்தாக நிற்கும் நிமிர்வாலுக்கு 60 × 40 மி.மீ. போதும்.

அடுத்து நடுநிலைப் புள்ளி. ஈர்ப்பு மையம் இதற்கு முன்னால் இருந்தால்தான் காற்றின் உலுக்கலுக்குப் பிறகு விமானம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். கணக்கு இது: 0.25 + கெழு 0.5 × (வாலின் தூக்குச் சரிவு ÷ இறக்கையின் தூக்குச் சரிவு) × (1 − கீழ்வீச்சு விகிதம்). காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும்போது தூக்குவிசைக் கெழு எவ்வளவு கூடுகிறது என்பதே தூக்குச் சரிவு; அதற்கு 2π-ஐ (1 + 2 ÷ நீள அகல விகிதம்) என்பதால் வகுக்க வேண்டும். இறக்கைக்கு 4.76, வாலுக்கு 4.19 வரும். இறக்கை காற்றைக் கீழே தள்ளுவதால், இறக்கையின் கோணம் கூடும்போது வாலுக்குக் கிடைக்காமல் போகும் பங்குதான் கீழ்வீச்சு விகிதம்; அது ஏறக்குறைய 0.485. இதை மறப்பவர்கள் நடுநிலைப் புள்ளியை நாணில் 69 சதவீதத்தில் வைத்துவிட்டு, விமானம் ஏன் தறிகெட்டுப் போகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சரியான விடை நாணில் 47.7 சதவீதம், முன்விளிம்பிலிருந்து 38 மி.மீ. ஈர்ப்பு மையத்தை 28 மி.மீ.யில் வைத்தால் நிலைப்பு இடைவெளி, அதாவது அதற்கும் நடுநிலைப் புள்ளிக்கும் உள்ள தூரம், நாணில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். கைவீச்சு கிளைடருக்கு அது இதமான அளவு.

இனி எடைக் கணக்கு. கன செ.மீ.க்கு 0.13 கிராம் உள்ள பால்சாவில் இறக்கை 15.6 கிராம். 10 × 6 × 420 மி.மீ. உடற்குச்சி 3.3 கிராம். 1.5 மி.மீ. தகட்டில் வெட்டிய இரு வால்களும் சேர்ந்து 1.7 கிராம். பசை ஒரு கிராம். குச்சியின் மூக்கு இறக்கைக்கு முன்னால் 120 மி.மீ. நீண்டிருந்தால், மூக்கில் எடை இல்லாதபோது ஈர்ப்பு மையம் 68 மி.மீ.யில் நிற்கும். அதை 28க்குக் கொண்டுவர மூக்கில் 6 கிராம் களிமண் வேண்டும். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் ஏறக்குறைய 1.8 கிராம் கேட்கும். அதனால் கையிலிருக்கும் தகடுகளை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, மிக லேசானதை வாலுக்கு ஒதுக்குங்கள்.

வெட்டும்போது மரத்தின் இழை இறக்கையின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் வீச்சிலேயே முறியும். இறக்கையை நடுவில் இரண்டாக்கி, வெட்டு முகங்களைச் சற்றுச் சாய்வாகத் தேயுங்கள். ஒரு பாதியை மேசையில் அழுத்தி, மறுபாதியின் நுனியை 60 மி.மீ. உயர்த்தி ஒட்டினால் பக்கத்துக்கு 7 பாகை மேல்சாய்வு கிடைக்கும். வெள்ளைப் பசையை அள்ளிப் பூசினால் எடையும் ஏறும், ஈரத்தில் மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். வாலைக் குச்சிக்கு இணையாக ஒட்டிவிடலாம். இறக்கையை மட்டும் இப்போதைக்கு ரப்பர் பேண்டால் கட்டி, முன்விளிம்புக்கு அடியில் 2.5 மி.மீ. துண்டு வையுங்கள். வாலைவிட இறக்கை 1.8 பாகை கூடுதலாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு சொல்வதால்தான் அந்த அளவு. 1871இல் பிரான்ஸின் விமான முன்னோடி அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்ட ரப்பர் விசை மாதிரியும் இந்தக் கோண வேறுபாட்டை நம்பித்தான் நிலையாகப் பறந்தது.

காற்றில்லாத இடத்தில், தோள் உயரத்திலிருந்து, மூக்கைச் சற்றே தாழ்த்தி அதன் சொந்த வேகத்தில் விடுங்கள். பலர் இங்கே விசிறி எறிந்துவிட்டு வடிவமைப்பைக் குறை சொல்கிறார்கள். கூடுதல் வேகத்தில் எந்த நல்ல கிளைடரும் மேலே ஏறி, நின்று, தலைகுப்புற விழத்தான் செய்யும்.

சரியான வேகத்தில் விட்டும் ஏறி ஏறி விழுந்தால் மூக்கில் எடை கூட்டத் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. மூக்கில் 1 கிராம் கூட்டினால் ஈர்ப்பு மையம் 5 மி.மீ. முன்னே போய், நிலைப்பு இடைவெளி 19 சதவீதத்தைத் தொடும். அலைவு அடங்கியது போலிருக்கும். ஆனால் நீங்கள் மாற்றியது விமானத்தின் குணத்தை. கணக்கிட்ட ஈர்ப்பு மையத்தை அப்படியே விட்டு, இறக்கைக்கு அடியில் உள்ள துண்டின் உயரத்தைக் குறையுங்கள். நேரே கீழே பாய்ந்தால் உயரத்தைக் கூட்டுங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ., அதாவது 0.07 பாகை, நான்கு நான்காக மாற்றினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இந்த வேகத்தில் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 விநாடி ஆகும், தோள் உயரத்திலிருந்து முழுப் பறப்பே அவ்வளவுதான். எனவே ஒரே பறப்பை வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நான்கு முறை விடுங்கள்.

சறுக்கல் சீரானதும் 30 பாகை கீழ்நோக்கி, சற்று வேகமாக விடுங்கள். நிதானமாக நிமிர்ந்தால் நல்லது. வெடுக்கென்று மேலே வளைந்தால் ஈர்ப்பு மையம் மிக முன்னே இருக்கிறது. நிமிராமல் தரையை நோக்கியே போனால் மிகப் பின்னே. மூக்கில் கால் கிராம் சேர்த்து, கோணத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

ஒரே பக்கம் திரும்பினால் நிமிர்வாலை வளைக்கும் முன், பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடி இறக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத் தகடு முறுக்கியிருக்கும். நீராவியில் லேசாகக் காட்டி எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து உலரவிட்டால் நேராகும். இதெல்லாம் முடிந்தபின் இறக்கையை ஒட்டி, ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, பசை காய்ந்ததும் 28 மி.மீ. குறியில் விரல்நுனியால் தாங்கிச் சமநிலையை மறுபடி பாருங்கள். ரப்பரின் எடை போய்ப் பசையின் எடை வந்திருக்கும் அல்லவா.