கடலோர ஃப்ளாட்டா? முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள்

சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரை மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் சொகுசு ஃப்ளாட் வாங்குவதற்கு முன், அதே பில்டர் அந்தப் பக்கம் ஐந்தாறு வருடம் முன்பு கட்டிய கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். கடல் பார்த்த பால்கனிக் கைப்பிடியின் ஸ்க்ரூ, ஜன்னல் கீல், ஏசி வெளி யூனிட் மூன்றையும் கிட்டே நின்று பார்த்தாலே போதும்.

உப்புக்காற்று முதலில் தின்பது இவற்றைத்தான். 304 ரக எவர்சில்வரில் பழுப்புப் புள்ளி விழும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் நன்றாகவே தாங்கும், விலைதான் கூடுதல். சின்ன ஸ்க்ரூவில் மிச்சம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார்? அப்புறம் பால்கனியின் அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பாருங்கள். அங்கே துருக்கறையோடு விரிசல் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது என்று அர்த்தம். அதைப் பெயின்ட் மறைக்கும், சரிசெய்யாது.

அண்ணா நகர் போலக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் இடங்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது. சமீபத்தில் பெயின்ட் அடித்து, கைப்பிடியும் மாற்றிய கட்டடத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.