அகத்தியர்கூடம் ஏறப் போகிறவர்களுக்கு

பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடம் 1868 மீட்டர் உயரம். அனுமதியோடு ஏறும் பாதை கேரளப் பக்கம், திருவனந்தபுரத்தை அடுத்த போணக்காட்டிலிருந்து தொடங்குகிறது. பருவம் ஜனவரி நடுவில் ஆரம்பிக்கும். வனத்துறை இணையதளத்தில் முன்பதிவு திறந்ததும் இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். அசல் அடையாள அட்டையும் அண்மையில் வாங்கிய மருத்துவச் சான்றும் கையில் இருக்கட்டும். 2019 முதல் பெண்களும் உச்சிவரை போகலாம்.

உச்சிப் பாறையில் தொங்கும் கயிற்றை நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். ஆளை உண்மையில் வீழ்த்துவது முதல் நாள் நடைதான். அதிருமலை முகாம்வரை சுமார் 15 கி.மீ. முன்பாதி நிழலான காடு, ஓடைகள். அங்கே வேகமாக நடந்து சக்தியைச் செலவழித்துவிட்டால், அட்டையாறு தாண்டி வரும் புல்வெளியில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே நிழலே இல்லை. ஏழுமடக்கன் தேரியின் வளைவுகள் முடிந்ததும் முட்டிடிச்சான் ஏற்றம் வரும்; முழங்கால் நெஞ்சைத் தொடும் அளவுக்குச் செங்குத்து. அதனால் காலையிலேயே கிளம்புங்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். அட்டையாற்றில் 2 லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறுமுன் புல்வெளியைக் கடந்துவிடுங்கள்.

முதுகுப்பை 7 கிலோவைத் தாண்ட வேண்டாம். முகாமில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். அரிசி, அடுப்பெல்லாம் வீண் சுமை. மாற்று உடை ஒரு ஜோடி, மெல்லிய போர்வை, மழைக்கோட்டு, டார்ச், உப்புக்கரைசல் பொட்டலம், கடலைமிட்டாய் போதும். புதுச் செருப்போ ஷூவோ வேண்டவே வேண்டாம். முதல் ஏற்றத்திலேயே குதிகால் கொப்பளித்துவிடும்.

முந்தைய நாள் மழை பெய்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி உண்டு. உப்பைத் துணியில் முடிந்து, ஈரப்படுத்தி, ஷூவின் மேலும் காலுறையிலும் தேயுங்கள். கடித்ததைப் பிடுங்க வேண்டாம். வாய்ப்பக்கமாக நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்திவிடுவதால் கசிவு நெடுநேரம் நீடிக்கும். பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினால் சரியாகிவிடும்.

மறுநாள் உச்சிக்குச் சுமார் 6 கி.மீ. பொங்காலப்பாறைக்கு மேல் கயிற்றுப் பகுதிகள் வரும். ஒரு கயிற்றில் ஒரே ஆள்தான். உடலைப் பாறையோடு ஒட்டவைத்தால் பாதம் வழுக்கும். சற்றே பின்சாய்ந்து, உள்ளங்கால் முழுதும் பதியும்படி நடந்து ஏறுங்கள். இறங்கும்போது முகம் பாறையைப் பார்த்திருக்க வேண்டும். பாறை நனைந்திருக்கிறது, ஏற வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். பெரும்பாலும் அவர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த காணிப் பழங்குடியினத்தவராக இருப்பார். யானை வாடையைக்கூட நமக்கு முன்பே உணர்ந்துவிடுவார். அவரை முந்திப் போவதும் குழுவை விட்டுப் பின்தங்குவதும் ஒரே அளவு ஆபத்து.

இறக்கத்தில் முழங்கால்தான் அடிவாங்கும். ஒவ்வொரு காலடியும் குட்டையாக இருக்கட்டும்; இரண்டு கைத்தடி இருந்தால் பாரத்தில் ஒரு பங்கு தோளுக்கு மாறும். போணக்காட்டிலிருந்து பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தை ஏறும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.