ஐரோப்பா - ஆப்பிரிக்கா ஒப்பந்தங்கள்ல பெண்கள் சமத்துவம்: பேசும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெண்டு கண்டங்கள் சேந்து போடுற ஒப்பந்தங்கள்ல பெண்களுக்கு என்ன கெடைக்குதுன்னு எழுதுறவங்க, காலேஜ் அசைன்மென்ட்லயும் சரி பெரிய என்ஜிஓ ரிப்போர்ட்லயும் சரி, ஒரே மாதிரி தப்பத்தான் திரும்பத் திரும்பப் பண்றாங்க. ஐரோப்பா - ஆப்பிரிக்கா கூட்டுறவ வெச்சே சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல அதிகமா பேசப்படுறதும் அதிகமா தப்பா புரிஞ்சுக்கப்படுறதும் அதுதான்.

தாய் தப்பு ஒண்ணு இருக்கு, மத்ததெல்லாம் அதுலேர்ந்து வர்றதுதான். ஐரோப்பா வாத்தியார், ஆப்பிரிக்கா மாணவர்னு நெனச்சு ஆரம்பிக்கிறது. வருஷத்த மட்டும் பாருங்க. பெண்கள் உரிமைக்கான மபுடோ நெறிமுறைய ஆப்பிரிக்க ஒன்றியம் 2003 ஜூலைல ஏத்துக்கிச்சு, 2005 நவம்பர்ல அது அமலுக்கும் வந்துடுச்சு. பலாத்காரத்தால உண்டான கர்ப்பத்த பாதுகாப்பா கலைக்கிறதுக்கு ஒரு பெண்ணுக்கு உரிமை இருக்குன்னு வெளிப்படையா எழுதின முதல் சர்வதேச ஒப்பந்தம் அதுதான். பெண்கள் மேல நடக்குற வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் ஒப்பந்தம் ஐரோப்பால 2011லதான் கையெழுத்துக்கே வந்துச்சு, ஐரோப்பிய ஒன்றியம் அதுல சேர 2023 ஆச்சு, பல்கேரியாவும் ஹங்கேரியும் இன்னும் உறுதிப்படுத்தவே இல்ல. ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்துக்கு 2012லயே இன்கோசசானா டிலாமினி சூமான்னு ஒரு பெண் தலைவரா வந்துட்டாங்க, ஐரோப்பிய ஆணையத்துக்கு முதல் பெண் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன், வருஷம் 2019. ருவாண்டா பார்லிமென்ட் கீழவையில 2008லேர்ந்து பெண்கள்தான் பெரும்பான்மை. அதுக்காக ஆப்பிரிக்கால எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம் எடுத்துக்கக் கூடாது, பேப்பர்ல இருக்கிறதுக்கும் கிராமத்து வீட்டுல நடக்கிறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு, ஆனா "நாங்க சொல்லிக் கொடுத்தோம்"ங்கிற தொனி வேண்டாம், அது பொய்.

இதோட சேந்தே வர்ற இன்னொண்ணு, "ஐரோப்பா சொல்லுது" "ஆப்பிரிக்கா எதிர்க்குது"ன்னு ஒத்தை ஆளு மாதிரி எழுதுறது. 2020 கடைசில ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டு உதவிகள்ல பெண்கள் சமத்துவத்துக்கான தன்னோட மூணாவது பாலின செயல்திட்டத்த கொண்டு வந்தப்ப உறுப்பு நாடுகள் 27ல 24தான் ஆதரிச்சுது, பல்கேரியா, ஹங்கேரி, போலந்து மூணும் ஒத்துக்கல, 'பாலினம்'ங்கிற வார்த்தையிலயே சிக்கல், அதனால எல்லாரோட முடிவாவும் அது வெளிவரல, முறை வெச்சு மாறுற தலைமையில அப்ப இருந்த நாட்டோட பேர்லதான் வந்துச்சு. வீட்டுக்குள்ளயே அவ்ளோ சண்டை.

அப்புறம் ஒப்பந்தத்த படிக்காம வாட்ஸ்அப்ப படிக்கிறது. 2000ல போட்ட கொத்தோனு ஒப்பந்தத்துக்கு பதிலா 2023 நவம்பர் 15ஆம் தேதி சமோவா ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, ஐரோப்பிய ஒன்றியமும் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளும் சேந்து போட்டது. 2024 ஜூலைல நைஜீரியால பெரிய சர்ச்சை, ஓரினச் சேர்க்கைய ஏத்துக்கிட்டு 150 பில்லியன் டாலருக்கு அரசாங்கம் கையெழுத்து போட்டுடுச்சுன்னு. ஒப்பந்தத்துல அப்படி ஒரு வரியே கெடையாது. இருக்கிறது என்னன்னா பெண்கள் சமத்துவம், பாலியல் - இனப்பெருக்க ஆரோக்கியம், மக்கள்தொகை பத்தின 1994 கெய்ரோ மாநாடு, பெண்கள் பத்தின 1995 பெய்ஜிங் மாநாடு இதெல்லாம் பத்தின பேச்சு, பல வருஷமா பெரும்பாலான அரசாங்கங்கள் ஒத்துக்கிட்டதுதான். அந்தச் சர்ச்சையில அடிபட்டுப் போனது பிரசவ ஆஸ்பத்திரி, குடும்பக் கட்டுப்பாடு பத்தின பேச்சு, அதப் பத்தி அந்த வாரம் யாரும் வாயே தொறக்கல.

85 சதவீதம்னு ஒரு நம்பர் எல்லா ரிப்போர்ட்லயும் வரும், அத பணம்னு நெனச்சுக்காதீங்க. ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாடுகள்ல தொடங்குற புது திட்டங்கள்ல 85 சதவீதத்துல 2025க்குள்ள பெண்கள் சமத்துவம் ஒரு நோக்கமாவாவது இருக்கணும்ங்கிறதுதான் வெச்ச இலக்கு, அதாவது திட்டங்களோட எண்ணிக்கை. ஒவ்வொரு திட்டத்துக்கும் 0, 1, 2ன்னு மார்க் போடுவாங்க, 2ன்னா அதுதான் முக்கிய நோக்கம், 1ன்னா மத்த நோக்கத்தோட இதுவும் ஒண்ணு. ரோடு போடுற திட்டத்துல பெண்கள் பத்தி ரெண்டு பாரா எழுதி 1 வாங்கிட முடியும், மார்க்கும் திட்டம் எழுதுறப்பவே போட்டுடுறாங்க, ரோடு முடிஞ்சப்பறம் யாருக்கு என்ன ஆச்சுன்னு பாத்து போடுறது இல்ல. 2 வாங்க வேண்டிய திட்டங்களுக்கு வெச்ச இலக்கு வெறும் 5 சதவீதம். அந்த 5 என்னாச்சுன்னு கேளுங்க.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற தப்பு என்னன்னா, பெண்கள் பத்தின பிரிவ மட்டும் படிச்சுட்டு வியாபாரப் பகுதிய தள்ளி விடுறது. ஷியா மரத்த எடுத்துக்கோங்க, கொட்டைலேர்ந்து வெண்ணெய் மாதிரி கொழுப்பு எடுக்குற மரம். செனகல்லேர்ந்து உகாண்டா வரைக்கும் வறண்ட பூமில தானா வளர்ற மரம், பழம் கீழ விழுந்ததும் விடியுறதுக்கு முன்னாடியே பெண்கள் போய் பொறுக்கணும், புல்லுக்குள்ள பாம்பு இருக்கும், அப்புறம் வேக வெச்சு, காய வெச்சு, ஓடு உடைச்சு கொட்டை எடுக்கணும், எல்லாமே பெண்கள் வேலை. 2000ல ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சாக்லேட் சட்டம் போட்டுச்சு, கோகோ வெண்ணெய் தவிர வேற தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரைக்கும் சேத்துக்கலாம்னு, அனுமதிச்ச ஆறு கொழுப்புல ஷியாவும் ஒண்ணு. அந்தச் சட்டத்துல பெண்ங்கிற வார்த்தைக்கு வேலையே இல்ல, ஆனா புர்கினா ஃபாசோலயும் கானாலயும் இருக்கிற பெண்களோட கைக்காசுக்கும் அதுக்கும் நேரடி தொடர்பு இருக்கு. மரம் நிக்கிற நிலம் பெரும்பாலும் புருஷன் வீட்டு நிலம், கொட்டைல நெறைய பங்கு பல வருஷமா அப்படியே கப்பல் ஏறி வெளிநாட்டுல போய்தான் கொழுப்பா பிரிஞ்சுது, லாபமும் அங்கதான் நின்னுச்சு. கென்யாவும் அதே கதைதான், நைவாஷா ஏரிக்கரை ரோஜாத் தோட்டங்கள்ல வேலை பாக்குறதுல பெண்கள்தான் அதிகம், பூ போறது ஐரோப்பாவுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தோட கென்யா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2024 ஜூலைல அமலுக்கு வந்துச்சு. பெண்கள் சமத்துவம் பத்தி கேக்கணும்னா மருந்து தெளிச்சு எத்தன மணி நேரம் கழிச்சு தொழிலாளிங்கள உள்ள விடுறாங்கன்னும் கேக்கணும், காதலர் தினத்துக்கு முன்னாடி ஓவர்டைம் முடிஞ்சு ராத்திரி எப்படி வீட்டுக்குப் போறாங்கன்னும் கேக்கணும்.

ஃபோட்டோவ வெச்சு முடிவு பண்றதும் வேண்டாம். 2022 பிப்ரவரி பிரஸ்ஸல்ஸ் உச்சி மாநாட்டுல உகாண்டா அமைச்சர் ஒருத்தர் வான் டெர் லேயன தாண்டிப் போய் பக்கத்துல இருந்த ஆம்பளைங்களுக்கு கை கொடுத்தது உலகம் பூரா ஓடுச்சு. தப்புதான், ஆனா அதே மாநாட்டுல ஆப்பிரிக்காவுக்கு அறிவிச்ச 150 பில்லியன் யூரோ முதலீடு பெண்கள் கைக்கு எப்படி வரும்னு எத்தன பேர் கேட்டாங்க?

பணம் போற வழியும் அப்படித்தான். பெண்கள் மேல நடக்குற வன்முறைய நிறுத்த ஐரோப்பிய ஒன்றியமும் ஐநாவும் 2017ல 50 கோடி யூரோவுல ஸ்பாட்லைட்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, லைபீரியா, மலாவி, உகாண்டான்னு பல நாடுகள்ல. 2023ல ஐரோப்பிய தணிக்கையாளர்கள் பாத்துட்டு, இதுவரைக்கும் பலன் கொஞ்சம்தான்னு எழுதினாங்க. உலகம் பூரா வளர்ச்சி உதவிப் பணத்துல பெண்கள் உரிமை அமைப்புகள் கைக்கு நேரா போறது 1 சதவீதத்துக்கும் கீழ. விண்ணப்பம் இங்கிலீஷ்லயோ பிரெஞ்சுலயோ, ஆடிட் பண்ணின கணக்கு வேற வேணும், கிராமத்துல ஷியா பொறுக்குற பதினஞ்சு பெண்கள் சேந்த சங்கத்துக்கு இதுக்கெல்லாம் ஆடிட்டர் எங்க கெடைப்பாரு? இடையில இருக்கிற பெரிய அமைப்புதான் வாங்கும், தன் பங்க எடுத்துக்கும், மிச்சத்துக்கு ஒரு பயிற்சி முகாம் வைக்கும்.

அந்த முகாமாவது எப்ப வைக்கிறோம்னு பாத்து வைங்க. மேற்கு ஆப்பிரிக்கால மே மாசத்துலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும்தான் ஷியா பழம் விழுற காலம், வெதைக்கிற காலமும் அதேதான். அந்த மாசங்கள்ல காலைல ஒம்போது மணிக்கு கூட்டம் போட்டா பெண்கள் மரத்தடியிலயும் வயல்லயும் இருப்பாங்க, கையெழுத்து போட ஆம்பளைங்கதான் வந்து உக்காந்திருப்பாங்க.