சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களைப் பார்த்து வாங்குவது எப்படி

சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களை, அதாவது இரு சாளரங்கள் வழியே தெரியும் பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமராக்களை, சேர்க்கத் தொடங்குபவர் முதலில் ஃபெட், ஜோர்கி, கீவ் என்னும் மூன்று குடும்பங்களைப் பிரித்தறிய வேண்டும். கார்கிவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக அமைந்த தொழிற்கம்யூனில், 1934 முதல், ஜெர்மனியின் லைக்கா-2 ஐப் பார்த்துச் செய்யப்பட்டது ஃபெட். சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்பவரது பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர். அதே வழியில் 1948 இல் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலிருந்து ஜோர்கி வந்தது. கீவ் மட்டும் வேறு மரபைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட, கான்டாக்ஸ் என்னும் கேமராவின் இயந்திரங்களையும் உதிரிபாகங்களையும் கொண்டு 1947 இல் அதன் உற்பத்தி தொடங்கியது.

முதல் கேமராவாக ஃபெட்-2 ஐ வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. பழைய ஃபெட், ஜோர்கி கேமராக்களில் ஃபிலிமின் முனையை நீளமாகக் கத்தரித்து அடிப்பக்கம் வழியாகச் செருக வேண்டியிருக்க, 1955 முதல் வந்த ஃபெட்-2 இல் பின்பக்கம் முழுவதும் கழன்று வந்துவிடுவதால் ஃபிலிம் மாட்டுவதும் உள்ளே சோதிப்பதும் எளிது. அதன் ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம், அதாவது இரு சாளரங்களுக்கு இடையிலான தூரம், 67 மி.மீ. என்பதால் ஃபோகஸும் துல்லியமாக அமையும். கீவில் இது 90 மி.மீ.; ஆனால் பிடிக்கும் கையின் விரல் ரேஞ்ச்ஃபைண்டர் சாளரத்தை மறைத்துவிடாதபடி அதைப் பிடிக்கப் பழக வேண்டும்.

விலை பேசுவதற்கு முன் நேரம் செலவிட வேண்டிய இடம், ஃபிலிமில் ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டர். ஃபெட், ஜோர்கி இரண்டிலும் ரப்பர் பூசிய துணித்திரைகள் உள்ளன. காலப்போக்கில் ரப்பர் வெடித்து ஊசித்துளைகள் விழும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் திறக்கும் கேமராவானால் அதையும் திறந்து, பிரகாசமான விளக்கை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஷட்டரை ஏற்றிய (அடுத்த படத்துக்குத் தயாராக முறுக்கிய) நிலையிலும் ஏற்றாத நிலையிலும் பார்த்தால்தான் இரண்டு திரைகளும் சோதனைக்கு உள்ளாகும். பிறகு மிக உயர்ந்த வேகத்தில் வெள்ளைச் சுவரை நோக்கி இயக்கும்போது, சட்டத்தின் ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் திரைகளின் ஓட்டம் சீராக இல்லை என்று பொருள். கீவில் உலோகப் பட்டைகளாலான திரை மேலிருந்து கீழாக ஓடுகிறது. அங்கே தேய்ந்து அறுபடுவது அவற்றைத் தாங்கும் நாடாக்களே. இன்னொரு எச்சரிக்கை: ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். குறிப்பாக ஜோர்கி-4 போன்ற மெதுவான வேகங்கள் உள்ள கேமராக்களில் இதை மீறினால் உள்ளிருக்கும் பொறியமைப்பு பழுதாகக்கூடும். ஆகவே விற்பவர் ஏற்றாமலேயே வேகத் திருகைச் சுழற்றிக் காட்டினால், அதை நீங்கள் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஃபெட், ஜோர்கி லென்ஸுகள் 39 மி.மீ. திருகு வகையைச் சேர்ந்தவை. கீவின் லென்ஸுகள், செருகிச் சற்றே சுழற்றிப் பூட்டும் கான்டாக்ஸ் பயோனெட்டில் பொருந்துபவை. இண்டஸ்டார்-61, ஜூபிடர்-8 ஆகிய இரண்டும் தொடக்கத்துக்குப் போதுமானவை. ஃபோகஸ் வளையம் சுழல மறுத்தால் பெரும்பாலும் இறுகிப்போன பழைய கிரீஸே காரணம், அதைச் சரிசெய்ய முடியும். ஆனால் கண்ணாடிக்குள் நூலாகப் படர்ந்திருக்கும் பூஞ்சையை எளிதில் மன்னிக்கக் கூடாது. கீவ்-4, ஃபெட்-4 போன்றவற்றின் செலினியம் ஒளிமானிகள் இன்று பெரும்பாலும் நம்பத்தக்கவை அல்ல என்பதால், அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. கீவ் கேமராக்களின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் உற்பத்தி ஆண்டைக் காட்டுகின்றன. ஃபெட்டில் இந்த வசதி இல்லை.

பொன்முலாம் பூசி, நாஜிச் சின்னமோ ஜெர்மன் விமானப்படையின் பெயரோ பொறித்து, அரிய லைக்கா என்று விற்கப்படுபவை ஏராளம். அவற்றில் மிகப் பல, பிற்காலத்தில் வேடமிடப்பட்ட ஃபெட்டும் ஜோர்கியுமே. லென்ஸைக் கழற்றி, உள்ளே ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கும் நெம்புகோலின் முனையைப் பாருங்கள்: லைக்காவில் அங்கே சிறு உருளை இருக்கும், சோவியத் கேமராக்களில் ஆப்பு வடிவ முனை இருக்கும். வேடிக்கைப் பொருளாக வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றாலும், அந்தப் பொன் பூச்சுக்குத் தரும் பணத்தில் நல்ல நிலையிலுள்ள சாதாரண ஜோர்கி-4 ஐ வாங்குவதையே நான் விரும்புவேன்.

பெட்டியோடு ‘பாஸ்போர்ட்’ எனப்படும் ஆலைச் சான்றேடும் கிடைத்தால் அதைத் தனியே பத்திரப்படுத்துங்கள். தோலுறை ஈரத்தைத் தேக்கிவைக்கும் என்பதால், நம் கடலோர ஊர்களில் கேமராவை அதனுள் வைக்காமல், சிலிகா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் ஷட்டரை ஏற்றாத நிலையில் வைத்து, அவ்வப்போது எடுத்து எல்லா வேகங்களிலும் இயக்கிவர வேண்டும்.